கன்னா சொன்னது அறமா, சட்டமா?

மதிப்புக்குரிய ஐயா,

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் சட்டத் தத்துவம் ஒரு பாடம். சட்டத்தையும் அறத்தையும் பிரிக்க முடியுமா என்று சட்டத் தத்துவ அறிஞர்கள் ஹார்ட்டும் ஃபுல்லரும் மோதிக்கொண்ட விவாதத்தை நடத்திய எங்கள் ஆசிரியர், "சட்டம் வேறு, அறம் வேறு என்று பாசிட்டிவிசம் பிரித்துவைத்ததால்தான் நாஜி நீதிமன்றங்கள் அப்படி ஆயின. நம் நாட்டில் அதற்கு உதாரணம், நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை அணுகலாமா என்ற 1976 ஜபல்பூர் வழக்கு" என்றார். நான்கு நீதிபதிகள் சட்டத்தின் பக்கம் நின்றார்கள், எச். ஆர். கன்னா ஒருவர்தான் அறத்தின் பக்கம் நின்றார் என்பது வகுப்பில் எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவு. எனக்கு அது உறுத்துகிறது. அறத்தின் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்லலாம் என்றால், நான் ஏற்காத ஓர் அறத்தின் பக்கம் நாளைக்கு இன்னொரு நீதிபதி நிற்கலாமே?

ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு பற்றிய தீர்ப்பில் வரும் 'அரசியலமைப்பு அறம்' என்பதும் இதே விவாதம்தானா? கடைசியாக ஒன்று. மாதிரி நீதிமன்றப் போட்டியில் இதே ஜபல்பூர் வழக்கில் அரசுத் தரப்பு எனக்கு விழுந்திருக்கிறது. மனசாட்சிக்கு விரோதமாக வாதாடப்போவது போல் இருக்கிறது. எப்படித் தயாராவது?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் உறுத்தலை விட்டுவிடாதீர்கள். வகுப்பில் ஒப்புக்கொண்ட முடிவு கேட்க நன்றாக இருக்கிறது. தீர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் அது நிற்காது. பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய நால்வரும் சட்டத்தையே தவறாகப் படித்தார்கள், கன்னா அதைச் சரியாகப் படித்தார் என்பதே என் நிலைப்பாடு. 'அவர் அறத்தின் பக்கம் நின்றார்' என்று கன்னாவைப் புகழும்போது, 'சட்டம் அப்படி இருந்தது, மற்றவர்கள் என்ன செய்வார்கள்' என்ற சலுகையை அந்த நால்வருக்கு நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அவர்களுக்கு அது உரியதல்ல.

பாசிட்டிவிசம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு விதி இந்த நாட்டில் சட்டமாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது நல்ல சட்டமா என்பது இன்னொரு கேள்வி. அதற்குக் கீழ்ப்படிய வேண்டுமா, நீதிபதி அதைச் செயல்படுத்த வேண்டுமா என்பது மூன்றாவது. ஜான் ஆஸ்டின் 1832இல் வெளியிட்ட விரிவுரைகளில் முதல் இரண்டையும் பிரித்தார்; சட்டம் இருப்பது வேறு, அதன் தகுதி வேறு என்றார். 'ஆகவே கீழ்ப்படி' என்ற பதில் இந்தப் பிரிவினையிலிருந்து தானாக வராது. ஆஸ்டினுக்கு முன்னோடியான பெந்தாம் இங்கிலாந்தின் சட்டங்களை வாழ்நாள் முழுவதும் கண்டித்தவர். இருப்பதை உள்ளபடி சொன்னால்தான் அதைக் கண்டிக்க முடியும் என்பதால்தான் அவர் பிரித்துப் பார்த்தார். 1957 ஏப்ரலில் ஹார்வர்டில் ஆற்றிய உரையில் ஹார்ட்டும் இதைத்தான் வலியுறுத்தினார்: 'இது சட்டம்தான், ஆனால் கீழ்ப்படிய முடியாத அளவுக்குக் கொடியது' என்று சொல்வது, 'இது சட்டமே இல்லை' என்று சொல்வதைவிடத் தெளிவானது, நேர்மையானது. அந்த உரையும் ஃபுல்லரின் மறுப்பும் 1958இல் ஹார்வர்ட் சட்ட இதழில் வெளிவந்தன.

இருவரும் மோதிக்கொண்ட ஜெர்மானிய வழக்கை உங்கள் ஆசிரியர் சொல்லியிருப்பார். 1944இல் விடுப்பில் வீட்டுக்கு வந்த ஒரு படைவீரர் மனைவியிடம் ஹிட்லரை இழிவாகப் பேசினார். கணவரை ஒழித்துவிட நினைத்த மனைவி அதைப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிறகு அதை நிறைவேற்றாமல் அவரைப் போர்முனைக்கு அனுப்பினார்கள். போர் முடிந்தபின் அந்த மனைவிமீது, ஒருவரின் சுதந்திரத்தைச் சட்டவிரோதமாகப் பறித்ததாக 1871ஆம் ஆண்டு ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தது. 1949இல் பாம்பெர்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது.

பாடப்புத்தகங்கள் இங்கே தவறிவிடுகின்றன. நாஜிச் சட்டத்தை மனசாட்சிக்கு எதிரானது என்பதால் செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்ததாக ஹார்ட்டுக்குக் கிடைத்த செய்தி சொன்னது. அதை நம்பித்தான் அவர் வாதாடினார். பாம்பெர்க் நீதிமன்றம் அவ்வளவு தூரம் போகவில்லை. அந்தச் சட்டத்தை அது ரத்து செய்யவில்லை. ஒரு நீதிமன்றத்தையே கருவியாக்கிக் கணவரின் சுதந்திரத்தைப் பறித்த மனைவியின் செயலைத்தான் குற்றம் என்றது. 1960இல் பாப்பே என்ற சட்ட அறிஞர் இதை எடுத்துக்காட்டினார். அதன் பிறகும் பழைய கதைதான் வகுப்பறைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதைவிட முக்கியமானது ஃபுல்லரின் மறுப்பில் உள்ள ஒரு நுணுக்கம். பலரும் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். அவர் வானத்திலிருந்து ஓர் உயர்ந்த நீதியைக் கொண்டுவந்து வாதாடவில்லை, நாஜிச் சட்டத்தின் வாசகத்தையே எடுத்துப் படித்தார். 1938ஆம் ஆண்டின் போர்க்காலத் தண்டனை ஆணை, பொதுவெளியில் பேசி மக்களின் போர் உறுதியைக் குலைப்பவரைத் தண்டிப்பது. 1934ஆம் ஆண்டுச் சட்டத்திலும், தனிப்பட்ட பேச்சு குற்றமாக வேண்டுமென்றால், அது வெளியே பரவும் என்று பேசியவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்குள் மனைவியிடம் சொன்னது இதில் எப்படி வரும்? சட்டத்தின் சொற்களை நீதிமன்றங்களே இழுத்து நீட்டின. அப்படியானால் 'கொடிய சட்டம், அதற்குக் கட்டுப்பட்ட நீதிபதி' என்ற படமே சரியில்லை.

நாஜி நீதிபதிகள் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர்கள் என்ற எண்ணத்துக்கு 1935 ஜூன் 28ஆம் தேதி வந்த திருத்தம் ஒன்றே போதுமான பதில். சட்டத்தில் சொல்லப்படாத செயலாக இருந்தாலும், ஒரு தண்டனைச் சட்டத்தின் அடிப்படைக் கருத்தும் 'ஆரோக்கியமான மக்கள் உணர்வும்' அதைத் தண்டிக்கச் சொன்னால் தண்டிக்கலாம் என்று தண்டனைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை மாற்றினார்கள். இது சட்டத்துக்குள் அறத்தை அழைத்துவரும் கதவு. உள்ளே வந்தது நாஜிகளின் அறம். நீங்கள் பயப்படும் அந்த ஆபத்து வரலாற்றில் நடந்தது, அதுவும் பாசிட்டிவிசத்தைக் கைவிட்ட இடத்தில் நடந்தது.

இருந்தாலும் குஸ்தாவ் ராட்புருக்கை எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். வைமார் குடியரசில் நீதியமைச்சராக இருந்தவர், 1933இல் ஹைடல்பெர்க் பேராசிரியர் பதவியிலிருந்து நாஜிகளால் நீக்கப்பட்டவர். பாசிட்டிவிசம் ஜெர்மன் வழக்கறிஞர்களை நிராயுதபாணிகளாக்கியது என்று 1946இல் எழுதினார். மேலே சொன்ன 1935 திருத்தத்தை வைத்துப் பார்த்தால் வரலாறாக அது பலவீனமான கூற்று. ஆனால் அதே கட்டுரையில் அவர் தந்த அளவுகோல் மிகவும் கவனமானது. சட்டம் அநீதியாக இருந்தாலும் முதல் மரியாதை அதற்கே, ஏனென்றால் நிச்சயத்தன்மையும் ஒரு மதிப்பு. அநீதி தாங்க முடியாத அளவை எட்டினால் மட்டும் சட்டம் விலக வேண்டும். சமத்துவத்தை வேண்டுமென்றே மறுத்து இயற்றப்பட்டது என்றால் அதற்குச் சட்டம் என்ற தன்மையே கிடையாது. வெளிநாட்டில் வாழ்ந்த யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1941ஆம் ஆண்டு ஆணை தொடக்கம் முதலே செல்லாது என்று 1968இல் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது இந்த வழியில்தான். கிழக்கு ஜெர்மனி எல்லையில் தப்பியோடியவர்களைச் சுட்ட காவலர்களின் வழக்குகளில் 1992இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் 1996இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் இதைத் திரும்ப எடுத்தன. ஹார்ட்டின் மாற்று வழி வேறு. தண்டித்துத்தான் ஆகவேண்டும் என்றால் வெளிப்படையாக ஒரு பின்னோக்கிய சட்டத்தை இயற்றித் தண்டியுங்கள். இரண்டு தீமைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை மறைக்காதீர்கள்.

இனி ஜபல்பூர்.

1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை. இரண்டு நாள் கழித்து, அரசியலமைப்பின் 359ஆவது உறுப்பின் கீழ் குடியரசுத் தலைவர் ஆணை: சமத்துவம், உயிரும் சுதந்திரமும், கைதானவருக்கான பாதுகாப்பு ஆகியவை பற்றிய 14, 21, 22ஆவது உறுப்புகள் தரும் உரிமைகளை அமல்படுத்தக் கோரி எந்த நீதிமன்றத்தையும் அணுக முடியாது. விசாரணையின்றிக் காவலில் வைக்க இடம் தந்த 1971ஆம் ஆண்டு மிசா சட்டத்தில் புதிதாக 16ஏ பிரிவைச் சேர்த்தார்கள். காவலில் வைத்ததற்கான காரணத்தைக் கைதியிடம் சொல்ல வேண்டியதில்லை. அதன் ஒன்பதாவது உட்பிரிவின்படி அந்தக் காரணங்கள் அரசு ரகசியம், நீதிமன்றமும் கேட்க முடியாது. ஜூலையில் 18ஆவது பிரிவு சேர்ந்தது. இச்சட்டத்தின் கீழ் காவலில் உள்ள எவருக்கும் இயற்கைச் சட்டத்தின் பேரிலோ பொதுச் சட்டத்தின் பேரிலோ, அப்படி ஏதேனும் இருந்தால், தனிமனித சுதந்திரத்துக்கான உரிமை கிடையாது என்றது. சட்டத் தத்துவ வகுப்பில் இரண்டாயிரம் ஆண்டு விவாதமாக நடத்தப்படுவதை ஒரு பிரிவு போட்டு ஒழித்துவிட முயன்றார்கள். அந்தப் பிரிவை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

ஒன்பது உயர் நீதிமன்றங்கள், இவ்வளவுக்குப் பிறகும் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்றன. அரசு உச்ச நீதிமன்றம் போனது. 1976 ஏப்ரல் 28 அன்று நாலுக்கு ஒன்று என்று தீர்ப்பு. தலைமை நீதிபதி ஏ. என். ரே, எம். எச். பெக், ஒய். வி. சந்திரசூட், பி. என். பகவதி ஆகிய நால்வர் ஒரு பக்கம், கன்னா மறுபக்கம். காவல் ஆணை மிசாவுக்கே முரணானது என்றாலும், தீய உள்நோக்கத்தோடு பிறப்பிக்கப்பட்டது என்றாலும், சம்பந்தமில்லாத காரணங்களுக்காகப் பிறப்பிக்கப்பட்டது என்றாலும், அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய எவருக்கும் தகுதியில்லை என்பது பெரும்பான்மை முடிவு.

இதில் முதலாவதை நிதானமாகப் பாருங்கள். மிசாவின் மூன்றாம் பிரிவு, யார் காவல் ஆணை பிறப்பிக்கலாம் என்று சொல்கிறது. மத்திய, மாநில அரசுகளைத் தவிர மாவட்ட மாஜிஸ்திரேட், அதற்கென மாநில அரசு அதிகாரம் அளித்த கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட், காவல் ஆணையர். வழக்கின் பெயரில் இருக்கும் ஜபல்பூர் அதிகாரி இந்த இரண்டாம் வகை. எந்தெந்தக் காரணங்களுக்காகப் பிறப்பிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது: நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அத்தியாவசியப் பொருள் வழங்கல் போன்றவை. நாடாளுமன்றம் எழுதிய வரம்புகள் இவை. அரசு அவற்றை மீறியதா என்று எந்த நீதிமன்றமும் பார்க்க முடியாது என்றால், அந்த வரம்புகள் காகிதத்தில் எதற்கு? பகவதி தன் தீர்ப்பில், சுதந்திரத்தின்மீது தனக்குள்ள பற்று தன் பார்வையை மறைக்க விடக்கூடாது, வாசகம் தாங்காத பொருளை அதன்மேல் ஏற்றக்கூடாது என்ற கருத்தில் எழுதினார். வாசகத்துக்கு விசுவாசம் என்ற தோரணை அது. ஆனால் மூன்றாம் பிரிவும் வாசகம்தானே? ஆணையின் வாசகத்தை அதன் எல்லைவரை நீட்டி, சட்டத்தின் வாசகத்தை அழித்தார்கள்.

கன்னா எதன்மேல் நின்றார் என்று பாருங்கள். 21ஆவது உறுப்பு மட்டுமே உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையின் ஒரே இருப்பிடம் என்று கொள்ள முடியாது என்றார். சட்ட அதிகாரம் இல்லாமல் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது என்பது 1950க்கு முன்பே இந்தியாவில் அமலில் இருந்த சட்டம். முன்பிருந்த சட்டங்கள் தொடரும் என்று அரசியலமைப்பின் 372ஆவது உறுப்பு சொல்கிறது. ஆகவே அது தொடர்கிறது. உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் 226ஆவது உறுப்பில் இருக்கிறது. அந்த அதிகாரத்தை நிறுத்திவைக்க எவருக்கும் அதிகாரம் தரப்படவில்லை. 1963இல் மக்கன் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, 359ஆவது உறுப்பின் கீழ் ஆணை இருந்தாலும் காவல் ஆணை சட்டத்துக்கே முரணானது, தீய உள்நோக்கம் கொண்டது என்று வாதிடலாம் என்று சொல்லியிருந்தது. 1931இல் நைஜீரிய வழக்கு ஒன்றில், காலனிகளின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்காக லார்ட் அட்கின் எழுதியதும் அதுவே: நிர்வாகம் ஒருவரின் சுதந்திரத்தில் கைவைத்தால், அதன் சட்டப்பூர்வத்தன்மையை நீதிமன்றத்தில் நிலைநாட்டத் தயாராக இருக்க வேண்டும்.

உறுப்பு, உறுப்பு, முன்தீர்ப்பு, முன்தீர்ப்பு. ஹார்ட் படித்திருந்தாலும் இவை எல்லாவற்றையும் சட்டத்தின் மூலங்கள் என்றே ஒப்புக்கொண்டிருப்பார். கன்னாவின் தீர்ப்பை ஒரு பாசிட்டிவிஸ்ட் எழுதியிருக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முழுக்க அப்படியா என்று கேட்டால், இல்லை. 21ஆவது உறுப்பே இல்லாவிட்டாலும் சட்ட அதிகாரம் இல்லாமல் அரசு ஒருவரின் உயிரைப் பறிக்க முடியாது, சட்டத்தின் ஆட்சி என்பதன் அடிப்படையே அது என்றும் எழுதியிருக்கிறார். இந்த வரி மூலங்களை நம்பி நிற்கவில்லை. பாசிட்டிவிஸ்டுகளே இங்கே பிரிவார்கள். ஜோசப் ரேஸ் என்ற பாசிட்டிவிஸ்ட், சட்டம் எது என்பதை அறத்தீர்ப்பு இல்லாமல் மூலங்களை வைத்து மட்டுமே அடையாளம் காண வேண்டும் என்பார். ஹார்ட்டின் மறைவுக்குப் பின் 1994இல் வெளியான அவர் நூலின் பின்னுரை, ஒரு நாட்டின் சட்ட அமைப்பு தானே அறத்தை ஓர் அளவுகோலாக ஏற்றுக்கொண்டிருக்கலாம் என்று இடம் தருகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஜபல்பூர் தீர்ப்பைத் தூக்கியெறிந்தபோது, உயிரும் சுதந்திரமும் அரசியலமைப்பு உண்டாக்கிய உரிமைகள் அல்ல, அதற்கும் முந்தியவை என்ற பாதையில் போனது. ஜபல்பூர் வழக்கில் பெரும்பான்மைப் பக்கம் நின்ற ஒய். வி. சந்திரசூட்டின் மகனே அந்தப் பகுதியை எழுதினார். எனக்கு 372ஆவது உறுப்பின் வழிதான் உறுதியாகப் படுகிறது. எதிராளி என்ன அறத்தை நம்பினாலும் அவர் மறுக்க முடியாத வழி அது.

18ஆவது பிரிவு இதை அடைத்துவிடாதா என்று கேட்பீர்கள். 'இச்சட்டத்தின் கீழ் காவலில் உள்ளவர்' என்றது அந்தப் பிரிவு. காவல் இச்சட்டத்தின் கீழ்தானா என்பதுதானே மனுவின் கேள்வி? சட்டம் வரைந்தவர்களுக்கும் இந்த ஓட்டை தெரிந்துவிட்டது. 1976 தொடக்கத்தில் சொற்களை மாற்றி, மூன்றாம் பிரிவின் கீழ் ஆணை பிறப்பிக்கப்பட்டவர், பிறப்பிக்கப்பட்டதாகச் சொல்லப்படுபவர் எல்லாரையும் உள்ளே இழுத்தார்கள். இவ்வளவு ஒட்டுப்போட வேண்டியிருந்தது என்பதே அரசு நினைத்த அளவுக்குச் சட்டம் அரசின் பக்கம் இல்லை என்பதற்குச் சான்று.

ஃபுல்லர் இங்கே ஹார்ட்டைவிட உங்களுக்கு உதவுவார். சட்டம் சட்டமாக இயங்க எட்டு நிபந்தனைகள் வேண்டும் என்று அவர் 1964இல் வெளியிட்ட நூலில் சொன்னார். விதி பொதுவாக இருக்க வேண்டும், அறிவிக்கப்பட வேண்டும், பின்னோக்கிப் பாயக்கூடாது, புரிய வேண்டும், தனக்குள் முரண்படக்கூடாது, செய்ய முடியாததைக் கேட்கக்கூடாது, அடிக்கடி மாறக்கூடாது. எட்டாவதைத்தான் அவர் மிகவும் சிக்கலானதாகக் கருதினார்: அறிவித்த விதியும் அதிகாரி நடந்துகொள்வதும் பொருந்த வேண்டும். ஜபல்பூர் தீர்ப்பு உடைத்தது இந்த எட்டாவதை. மிசா பொதுவானது, அறிவிக்கப்பட்டது, புரியக்கூடியது. கைதியின் நிலைமை அதன்படி இருக்கிறதா என்று பார்க்கும் ஒரே வாசலை மூடியதில்தான் கோளாறு. இந்த எட்டும் 'அறம்'தானா, திறமையான கருவியின் இலக்கணம் மட்டும்தானா என்று ஹார்ட் கேட்டார். நஞ்சு வைப்பவனுக்கும் தொழில் நுட்பம் உண்டு என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் மூடிய வாசலுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கைதிகள் நன்றாகத் தங்கவைக்கப்பட்டு நன்றாக உணவளிக்கப்பட்டு நடத்தப்படுகிறார்கள், அரசின் அக்கறை கிட்டத்தட்ட ஒரு தாயின் அக்கறை என்று நீதிபதி பெக் எழுதினார். அந்த வரி எழுதப்படுவதற்கு முன்பே, 1976 ஜனவரி 31இல் திமுக அரசு கலைக்கப்பட்டதும் சென்னை மத்தியச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்ட மிசா கைதிகள் உள்ளே அடித்து நொறுக்கப்பட்டிருந்தார்கள். சென்னை முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். சிறையில் நடந்ததை வெளிக்கொண்டுவர ஆட்சி மாறி நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அமைய வேண்டியிருந்தது. ஆட்கொணர்வு மனு என்ற ஒன்று இயங்கியிருந்தால், உடலில் உள்ள காயத்தை ஒரு நீதிபதி நேரில் பார்த்திருப்பார். நடைமுறை விதிக்கும் மனித உடலுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேரடியானது.

'அரசியலமைப்பு அறம்' வேறு விவாதம், அதைச் சுருக்கமாக முடிக்கிறேன். சட்டம் எது என்பது ஹார்ட், ஃபுல்லர் கேள்வி. சமூகத்தின் ஒழுக்கத்தைச் சட்டத்தால் திணிக்கலாமா என்பது ஹார்ட், டெவ்லின் கேள்வி. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்ற இங்கிலாந்தின் வுல்ஃபென்டன் அறிக்கைக்குப் பிறகு 1959இல் ஆங்கிலேய நீதிபதி டெவ்லின் ஆற்றிய உரையில் அது தொடங்கியது. 377ஆம் பிரிவு பற்றி நீங்கள் கேட்ட, 2018 செப்டம்பர் 6 அன்று வந்த நவ்தேஜ் தீர்ப்பு இந்த இரண்டாவது வகை. பெரும்பான்மையினரின் ஒழுக்க உணர்வு ஒருவரின் உரிமையைப் பறிக்கக் காரணமாகாது, அரசியலமைப்பின் மதிப்பீடுகளே அளவுகோல் என்றது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கும் ஒன்று உண்டு. நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்ன கருத்துக்காகத் தொடரப்பட்ட புகார்களை 2010இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, ஒழுக்கக்கேடும் குற்றமும் ஒரே எல்லை கொண்டவை அல்ல என்றது. தேர்வில் இந்த இரண்டு விவாதங்களையும் கலந்து எழுதினால் மதிப்பெண் போகும். அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதே சொல்லைப் பயன்படுத்தியபோது, அரசியலமைப்பின் வடிவங்களையும் நடைமுறைகளையும் மதிக்கும் பழக்கத்தைக் குறித்தார். இன்றைய தீர்ப்புகள் அதைவிட அகலமாகப் பயன்படுத்துகின்றன. அந்த அகலத்தைப் பற்றித்தான் உங்கள் பயம் பொருத்தமாக இருக்கும். ஒரு நீதிபதி அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால், அது எந்த உறுப்பில் ஊன்றியிருக்கிறது என்று தேடுங்கள். ஊன்றவில்லை என்றால் சந்தேகப்படுங்கள், முடிவு உங்களுக்குப் பிடித்திருந்தாலும்.

மாதிரி நீதிமன்றத்துக்கு வருவோம். வழக்கறிஞர் வாதாடுவதும் நீதிபதி தீர்ப்பளிப்பதும் ஒரே பொறுப்பு அல்ல. அரசுத் தரப்பின் மிக வலுவான வடிவத்தை நீங்களே கட்டிப் பார்க்காமல் அது எங்கே உடைகிறது என்று தெரியவராது. அதனால் தயங்காமல் வாதாடுங்கள்.

உங்கள் வலுவான கல் 1962 ஆணைக்கும் 1975 ஆணைக்கும் உள்ள வேறுபாடு. சீனப் போரின்போது 359ஆவது உறுப்பின் கீழ் வந்த 1962 ஆணை நிபந்தனை உள்ளது. இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டத்தின் கீழ் உரிமை பறிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. ஆகவே காவல் அந்தச் சட்டத்தின் கீழ்தானா என்று பார்க்க மக்கன் சிங் வழக்கில் இடம் இருந்தது. 1975 ஆணையில் அந்த நிபந்தனை இல்லை. இதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து, 359ஆவது உறுப்பில் 'எந்த நீதிமன்றமும்' என்று இருப்பதால் உயர் நீதிமன்றமும் அடங்கும். மூன்றாவதாக, 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 491ஆவது பிரிவு தந்த ஆட்கொணர்வு வழியும் அடைபட்டதாக மக்கன் சிங் தீர்ப்பே சொல்கிறது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. ஆக, 226ஐ விட்டால் வேறு வழி கிடையாது என்று காட்டலாம். காவலில் வைத்ததற்கான காரணத்தை நீதிமன்றம் ஆராய முடியாது என்ற இங்கிலாந்தின் லிவர்சிட்ஜ் வழக்கை அளவோடு பயன்படுத்துங்கள். போர்க்காலத்தில் லார்ட் அட்கின் தனியாக நின்ற வழக்கு அது. 1979இல் பிரபுக்கள் சபையில் லார்ட் டிப்ளாக் அதன் பெரும்பான்மைத் தீர்ப்பே தவறு என்று சொல்லிவிட்டார். உங்கள் போட்டி 1976இல் நடப்பதாக வைத்தாலும் அமர்வில் இருப்பவர்களுக்கு அது தெரியும். 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு 20, 21ஆவது உறுப்புகளை எந்த ஆணையாலும் நிறுத்த முடியாது என்பதையும் அமர்வு எழுப்பும். 'திருத்தம் தேவைப்பட்டது என்பதே முன்பு நிறுத்த முடிந்தது என்பதற்குச் சான்று' என்று அதை உங்கள் பக்கம் திருப்பலாம்.

கடினமான கேள்வி கன்னா கேட்டதேதான். சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டுக்கொன்றால் நிவாரணம் உண்டா? அன்றைய அட்டர்னி ஜெனரல் நிரேன் டே, தன் வாதத்தின்படி நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றார். நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். கொலை என்றால் அன்று அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆவது பிரிவு இருக்கிறது, அதை எந்த ஆணையும் நிறுத்தவில்லை என்று சொல்லத் தோன்றும். நல்ல பதில். ஆனால் அடுத்த நொடியே, ஆணையே இல்லாமல் அடைத்து வைத்தால் 342ஆவது பிரிவின்படி அது முறையற்ற அடைப்புக் குற்றம்தானே என்று கேட்பார்கள். மிசாவின் 16ஆவது பிரிவு நல்லெண்ணத்தோடு செய்ததற்குத்தான் பாதுகாப்புத் தருகிறது, தீய எண்ணத்தோடு செய்தால் என்ன என்றும் கேட்பார்கள். ஆம் என்றால், 21ஆவது உறுப்புக்கு வெளியேயும் சுதந்திரத்துக்கு ஒரு சட்ட வேலி இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அது கன்னாவின் வாதம். இல்லை என்றால் நிரேன் டேயின் பதிலுக்கே திரும்பிப் போகிறீர்கள். குற்ற வழக்கு தொடரலாம், விடுதலை கேட்டு ரிட் போட முடியாது என்று இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுக்கலாம். உங்களுக்கு உள்ள ஒரே இடம் அதுதான். அந்தக் கோட்டை ஏன் அங்கே இழுக்கிறீர்கள் என்பதற்கு 359ஆவது உறுப்பின் சொற்களிலிருந்தே நான்கைந்து வாக்கியங்களை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; அமர்வின் முன்னால் நின்றுகொண்டு யோசித்தால் வராது.